ஒன்றரை ரூபாய்க்குப் போன செர்ரிப் பழம்

நான் பகலில் கனவு காண்கிறவள். ராத்திரி படுத்தால் கட்டை மாதிரித் தூங்கிவிடுவேன், ஒன்றும் வராது. விடிந்ததும் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கண் திறந்தபடி இருக்கும், மனசு எங்கேயோ போய்விடும். குடம் நிரம்பி வழிவது கூடத் தெரியாது. பக்கத்தில் துணி துவைக்கிற பெண்கள், "வாத்தியாரம்மா இன்னைக்கி எந்த ஊருக்குப் போயிருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெடுக்கென்று எதையாவது சொல்லிவிட்டு வருவேன். மறுநாளும் அதே இடத்தில்தான் போய் உட்காருவேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஆற்றின் தென்கரையில் இருந்தது. பெரிய யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்களைச் சொல்கிறேன். என் கணவர் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மாசம் ஒன்பது ரூபாய் சம்பளம். மெதுவாகப் பேசுகிறவர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதையும் பாதியில் விழுங்கிவிடுவார். வாய்க்கால் கரையில் என் அப்பா எனக்கென்று எழுதிவைத்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வாழை போட்டிருந்தோம். தார் வெட்டி வண்டியேற்றிய பிறகு, உரத்துக்கும் முட்டுக்கம்புக்கும் கூலிக்கும் கொடுத்தது போக, அவருடைய ஒரு வருஷச் சம்பளத்தில் பாதி அளவு கையில் நிற்கும்.

அப்படி இருக்கையில்தான் மிஷன் துரை அவரைக் கூப்பிட்டு, இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு ஊருக்கு மாற்றல் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஊருக்குச் சின்ன வயசில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு மணலும் பனையும்தான். குளிக்க ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். அதை எங்கே ஊற்றிக்கொள்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஆறு வேண்டும். ஆற்றை விட்டு நான் எங்கும் வரமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

வேலையை விட்டால்தான் ஊரில் இருக்கலாம். நிலத்திலிருந்து சம்பளத்துக்குச் சமமாக வந்தால்தான் வேலையை விடலாம். பக்கத்துத் துண்டையும் பாட்டத்துக்குப் பிடித்து அதிலும் வாழை வைத்தால் நாலு வருஷத்தில் ஒருவிதமாகச் சரிக்கட்டிவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம். பகட்டான யோசனை இல்லை, ஆனால் நடக்கிற யோசனை. அதற்கு நடுவில் வந்தது செர்ரி.

நான் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். படிப்பு முடிந்து கிளம்பும்போது மிஷன் பங்களாவிலிருந்த வயசான துரைசாணியம்மா ஒரு கைக்குட்டையில் நாலைந்து விதையை முடிந்து கொடுத்தார். பங்களாத் தோட்டத்தில் வேலியோரம் நின்ற செடியின் விதை. கடல் தாண்டி எங்கிருந்தோ வந்ததாம். செர்ரி என்று சொன்னார். அதில் ஒரே ஒரு விதைதான் பிழைத்தது. கல்யாணமான பிறகு அந்தக் கன்றை எங்கள் அடுக்களைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தேன். பாத்திரம் கழுவின தண்ணீரைக் குடித்தே இடுப்பளவு வளர்ந்தது. ஒரு பங்குனியில் காய்த்துவிட்டது. சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரியது, பூசணிக்காய்க்கு இருப்பது போல மேலே பள்ளம் பள்ளமாக வரி. நிறம் மட்டும் இந்த உலகத்து நிறமாகவே இல்லை. வெயிலில் பிடித்தால் உள்ளே விதை தெரியும், அப்படி ஒரு சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் சோற்றைக் குழைய விட்டேன். தின்று பார்த்தபோது இருந்த புளிப்பு கூட எனக்கு ஒரு புதுமையாகவே பட்டது.

பிசான நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அவரவர் வீட்டு முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். நெல், தேங்காய், வாழைத்தார், கோழி, முட்டை, ஈன்ற ஆட்டின் முதல் குட்டி. ஆராதனை முடிந்தபின் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வருகிற காசு கோயிலுக்கு. ஆகவே அங்கே எல்லாமே விலை ஏறும். ஒரு முட்டை நாலணாவுக்குப் போகும். எடுத்தவரும் முட்டைக்கு அது விலையென்று நினைக்கமாட்டார், கொடுத்தவரும் நினைக்கமாட்டார். இதெல்லாம் எனக்குப் பால் குடிக்கிற நாளிலிருந்து தெரிந்த விஷயம். அதனால்தான் நான் செய்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் நான் ஒரு சின்ன ஓலைக் கொட்டான் நிறைய செர்ரியைக் கொண்டுபோய் வைத்தேன். பந்தலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளைதான் ஏலம் கூறுவார். அவர் என் கொட்டானைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் அமைதியாகிவிட்டது. "இதென்ன, கோவைப்பழமா?" என்று யாரோ பெண்கள் பக்கத்திலேயே கேட்டார்கள். கோயில்பிள்ளைக்கே அது என்னவென்று தெரியவில்லை. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தேன். ஏன் கொண்டுவந்தோம் என்று ஆகிவிட்டது.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நாலணா." கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சியின் குரல். உடனே, "ஆறணா" என்றது இன்னொரு குரல். அது மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். அண்ணாச்சி எட்டணா என்றார். கம்பவுண்டர் விடவில்லை. இவர் ஏற, அவர் ஏற, பந்தலே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. கடைசியில், "ஒன்றரை ரூவா!" என்று அண்ணாச்சி கத்தினார். கோபமாகக் கத்தின மாதிரி இருந்தது. கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். மூன்று தரம் கூறி முடித்தார்கள். அந்த வருஷம் ஒரு முழு வாழைத்தார் ஒரு ரூபாய்க்குத்தான் போயிற்று.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. வந்ததும் என் கணவருடைய பள்ளிக்கூடப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முட்டைக்கும் தேங்காய்க்கும் சந்தை விலை தெரியும், ஆகவே ஏலத்தில் ஏறினது எவ்வளவு என்று கழித்துவிடலாம். செர்ரிக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாதே. இரண்டு பெரிய மனுஷர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் இல்லாமலா கேட்பார்கள்? சரி, பக்திக்கென்று பாதியைக் கழித்தேன். கொட்டானுக்குப் பன்னிரண்டு அணா. நிலத்தில் நூறு செடி, செடிக்கு இருபது கொட்டான். குருவி தின்பதற்குப் பாதி போகட்டும். அழுகுவதற்குக் கொஞ்சம் போகட்டும். இன்னும் கழி, இன்னும் கழி என்று தாராளமாகக் கழித்துக்கொண்டே வந்தேன். எவ்வளவு கழித்தும், மிஷன் துரைக்கே நாங்கள் சம்பளம் கொடுக்கலாம் போல மிச்சம் நின்றது.

அவர் வந்து பலகையை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பைய செய்வோம். பாதி வாழைய வச்சிக்கிடுவோமே?" என்றார்.

"நீங்க எதையும் பாதியாத்தான் செய்வீய," என்றேன். "ஆத்துக் கரையில பாதி, மணல்ல பாதின்னா இருக்க முடியும்?" சொல்லிவிட்டுச் சிரித்தேன். அன்றைக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பலகையை அழிக்காமல் ஆணியில் மாட்டினார்.

வாழையைத் தோண்டி எடுத்தோம். கட்டை பெயர்க்கவே நாலு ஆளுக்கு ஒரு வாரக் கூலி. வயல் மண் களிமண், அது செர்ரிக்கு ஆகாது என்று மேட்டுச் செம்மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினோம். அடுக்களைச் செடியின் விதையைப் போட்டு எழுப்பின கன்றுகளுக்குக் குழிக்கு இரண்டு கூடை சாணம். சுற்றிலும் உடைமுள் வேலி. பக்கத்துத் துண்டைப் பாட்டத்துக்குப் பிடிக்கிற பேச்சு அப்படியே போயிற்று, அதை வேறொருவர் எடுத்துக்கொண்டார். வாழை என்றால் பத்து மாசத்தில் குலை தள்ளிவிடும். இது பத்து மாசத்தில் என் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தது. ஐப்பசி வெள்ளத்தில் பத்துப் பதினைந்து கன்று போயிற்று. அவர் சம்பளம் வாங்கின கையோடு என்னிடம் தருவார், நான் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன். வீட்டில் ரசமும் துவையலுமாக ஓடியது. ஒரு நாளாவது முகம் சுளித்தாரா என்றால் இல்லை.

ஆனால் அந்த வருஷங்களைப் போல நான் பிறகு இருந்ததில்லை. செர்ரி துளிர்க்கும்போது இலை பச்சையாக வராது, செம்புப் பாத்திரத்து நிறத்தில் வரும். மத்தியானத்தில் ஊரே அடங்கிக் கிடக்கும். மடையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். செம்பு நிற இலைக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பழம் கொட்டான் கொட்டானாக வண்டியேறும். தூத்துக்குடியில் கப்பல் நிற்கும். தொப்பி வைத்த துரைசாணிகள் வெள்ளைத் துணி விரித்த மேசையில் என் பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். என் காலைத் தொட்டுப் போகிற இந்தத் தண்ணீர் புன்னைக்காயலில் கடலில் விழுந்து, அந்தக் கப்பலையும் போய்த் தொடும். நான் ஊரை விட்டு அசையவே வேண்டாம், எல்லாம் என்னிடமிருந்து போய்க்கொண்டிருக்கும். இப்படி உட்கார்ந்திருக்கையில் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம் தள்ளி நிற்பார். கூப்பிடமாட்டார். நானாகத் திரும்பிப் பார்க்கும் வரை நிற்பார்.

மூன்றாம் வருஷம் பங்குனியில் தோட்டம் சிவந்தது. நூறு செடி இல்லை, எண்பது சொச்சம்தான். இருந்தாலும் சிவந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழத்தின் குணம் தெரிந்தது. விடியும்போது மஞ்சள் கலந்த சிவப்பு. அப்போது பறித்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. உச்சி வெயிலுக்குள் நல்ல சிவப்பு. சாயங்காலம் தரையில் கிடக்கும். பழுத்ததை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும், கொஞ்சம் அழுத்தினால் சாறு. ஒரு பெண் காலையிலிருந்து குனிந்து பறித்தால் ஒரு கூடை தேறாது. மைனாவும் கொண்டைக்குருவியும் கூலி கேட்காமல் பறித்துக்கொண்டன. சேர்ந்ததை வண்டியில் போட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேர்ந்தபோது மேலே இருந்தது பழம், அடியில் இருந்தது குழம்பு.

மார்க்கெட்டில் ஒரு பழக்காரி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுப் பக்கத்தில் துப்பினாள். "என்னம்மா இது, புளிக்கவும் செய்யுது, நாத்தமும் அடிக்குது. யாரு வாங்குவா?" பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம் வாங்கினார்கள், கொட்டான் ஒரு அணாவுக்கு. பங்களாவுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பழைய துரைசாணி சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வேதப்புத்தகத் தமிழில், "மகளே, இது எங்கள் தேசத்துச் செர்ரி அல்லவே. அது குளிர்தேசத்து விருட்சம். இந்த உஷ்ணத்தில் அது கனி கொடாது" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கு அந்த இரக்கத்தைத் தூக்கி ஆற்றில் போடவேண்டும் போல இருந்தது.

வண்டி வாடகையை விடுங்கள், பறித்த கூலிக்கே பழத்தின் காசு காணவில்லை. மிச்சக் கூலியை என் கணவர் திண்டாடிக் கொடுத்து முடித்தார்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. அன்றைக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கேட்டார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி இனித்தது? கருப்பட்டி அண்ணாச்சி அதற்குள் கொழும்பில் கடை வைக்கப் போய்விட்டார். ஊரில் இருந்தவர் கம்பவுண்டர்தான். ஒரு கொட்டானை நிரப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன்.

"இது எனக்கு எதுக்கும்மா?" என்றார் கம்பவுண்டர்.

"அன்னைக்கி ஏலத்துல அந்தப் போட்டி போட்டியளே!"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அதுவா? நான் எங்க கேட்டேன், அண்ணாச்சில்லா விடாமக் கேட்டாரு. அவரு காரியமில்லாம நாலணாவ விடுத ஆளா? ஏதோ மருந்துக்கு ஆவுத சரக்குன்னு நெனச்சேன். நமக்குத் தெரியாமப் போச்சேன்னு நானும் கேட்டேன்."

அன்று சாயங்காலம் என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்றல் காகிதம் இரண்டு நாளுக்கு முன்பே வந்து பெட்டி மேல் கிடந்தது. நான் கம்பவுண்டர் சொன்னதைச் சொன்னேன். "அண்ணாச்சி கொழும்புல இருந்து வரட்டும். என்னத்தக் கண்டு அந்த வெல கேட்டாருன்னு அவரையே கேக்கேன்," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரக் கேக்காண்டாம். நாந்தான் கேக்கச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு பேச்சை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

"கொட்டானத் தூக்கிக் காட்டுதாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ அங்கன தலையக் குனிஞ்சிட்டு இருந்த. எனக்குப் பொறுக்கல. பக்கத்துல இருந்த அண்ணாச்சிய இடிச்சி, நாலணாக்குக் கேளும்வே, நான் தாரேன்னேன். கம்பவுண்டர் குறுக்க வருவாருன்னு கண்டனா? விட்டுட்டாப் போதும்னு அண்ணாச்சி திரும்பித் திரும்பிப் பாக்காரு. கம்பவுண்டர் எடுத்துட்டா, வாயில போட்டுப் பாத்துட்டு நாளைக்கி ஊருல சொல்லுவாரே, ஒன்ன வச்சிச் சிரிப்பாங்களேன்னு நான்தான் கேளும் கேளும்னு இடிச்சிக்கிட்டே இருந்தேன்."

"ஒன்றரை ரூவா?"

"நாந்தான் குடுத்தேன்."

ஏலம் நடந்த அந்த மாசம், பள்ளிக்கூடத்துக்குப் படம் வாங்கச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"நான் பலகையில கணக்குப் போட்டனே, அப்பம் சொல்லலாம்லா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ சிரிச்சிக்கிட்டு இருந்த," என்றார். "பொறவு நாளாக நாளாக எப்படிச் சொல்ல?"

நான் கத்தினேன். என் ஆயுசில் அப்படிக் கத்தினதில்லை. "ஒரு நாள் தல குனிஞ்சிருப்பேன், அவ்வளவுதான? அடுத்த நாள் எந்திரிச்சி வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருப்பேன். அந்த வாழ நின்னிருந்தா நாம இங்கனயே இருந்திருப்போமே! என் ஆத்தல்லா நீங்க ஏலத்துல விட்டுட்டீய!"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் கூட ஆறியிருப்பேன்.

நிலத்தை என் அண்ணன் கையில் ஒப்படைத்துவிட்டு வைகாசியில் கிளம்பினோம். வண்டி தெற்கே போகப் போக வாழை குறைந்தது, தென்னை குறைந்தது, பனை ஆரம்பித்தது. மேடு வந்த இடத்திலெல்லாம் மாட்டுக்குப் பாரம் வேண்டாம் என்று அவர் இறங்கி நடந்தார். எனக்கு வழியில் குடிக்க ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாத்தான்குளம் தாண்டியதும் நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தத் தண்ணீர் முழுவதையும் என் காலில் ஊற்றிக்கொண்டேன். மணல் ஒரு நொடியில் குடித்துவிட்டது. அவர் வெறும் குடத்தை வாங்கித் திரும்பவும் வண்டியில் வைத்தார்.

மூன்று மாசம் நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினேன். மனுஷி எத்தனை நாள்தான் பேசாமல் இருப்பாள்? ஆனால் ஆறு ஆறு என்று சொல்லிக் காட்டாத நாள் இல்லை. ஆழக் கிணற்றில் கயிறு இழுத்துக் கை காய்த்ததையும் காட்டுவேன். அவர் விடியுமுன் எழுந்து எனக்குமாகச் சேர்த்து இறைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். கோபம் போய்விட்டது என்று அவரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் வந்த விஷக்காய்ச்சல் அந்த ஊரிலும் வீடு வீடாகப் புகுந்தது. பள்ளிக்கூடத்தை மூடின நாலாம் நாள் அவர் படுத்தார். ஏழாம் நாள் போய்விட்டார். கோயிலுக்குப் பின்னால் சிவப்பு மணலில் அடக்கம் செய்தார்கள்.

பத்து நாள் கழித்து என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். "கெளம்புட்டி. செர்ரியெல்லாம் தோண்டி எறிஞ்சாச்சு. ஒன் நெலத்துல வாழ போட்டிருக்கேன், நல்லா வந்திருக்கு. ஆத்துப் பக்கமே வந்துரு," என்றான். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து சேலைகளை அடுக்கவும் செய்தேன். அடுக்கிக்கொண்டே இருந்தேன், கை ஓடவில்லை.

அவர் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நான் தலை குனிந்து உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காத மனுஷர் அவர் ஒருத்தர்தான். அவரை இந்த மணலில் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் போய் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார முடியுமா?

வெளியே வந்து, "நீ போண்ணே. நான் இங்கனயே இருக்கேன்," என்றேன். அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.